பெரிய ரயர் போட்ட கெப் வாகனத்துக்கு எந்த டிபரன்சியல் விகிதம்? வன்னிப் பாதைகளை முன்வைத்து ஓர் ஒப்பீடு

கெப் வாகனத்தை உயர்த்தி, 33 அங்குல ரயரைப் பூட்டிக்கொண்டு கராஜை விட்டு வெளியே வந்த முதல் கிழமையிலேயே பலருக்கு ஒரு மனக்குறை தொடங்கிவிடுகிறது. உழவு இயந்திரங்கள் உழக்கிய தடத்தில் அடி தட்டாமல் வாகனம் போகிறது என்பது உண்மைதான். ஆனால் ஏ9 வீதியில் ஐந்தாவது கியர் இழுக்கவில்லை. நெல் மூடை ஏற்றி வயலிலிருந்து குளக்கட்டில் ஏற வேண்டுமென்றால் முதல் கியரிலும் கிளச்சைப் பிடித்துப் பிடித்து விட வேண்டியிருக்கிறது. டீசலும் கூடுதலாகக் குடிப்பதுபோலத் தோன்றுகிறது. டிபரன்சியலின் உள்ளே இருக்கும் பெரிய பற்சக்கரமான கிரவுண் வீலையும், அதைச் சுழற்றும் சிறிய பற்சக்கரமான பினியனையும் மாற்றுவதா, மாற்றினால் 4.56 போடுவதா, 4.88 போடுவதா, 5.29 வரை போவதா, அல்லது இருப்பதையே வைத்துக்கொண்டு ஓடுவதா என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது. சில்லுகள் ஒரு சுற்றுச் சுற்ற, டிபரன்சியலுக்கு வரும் சாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதே இந்த எண். எண் கூடினால் இழுவை கூடும்; அதே வேகத்துக்கு எஞ்சினும் கூடுதலாகச் சுற்றும்.

இதற்கு இணையத்தில் தேடினால் ரயர் அளவு ஒரு பக்கமும் விகிதம் மறு பக்கமுமாக அட்டவணைகள் தாராளமாகக் கிடைக்கும். அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்க நெடுஞ்சாலையில் மணிக்கு 65 மைல், அதாவது 105 கிலோமீற்றர் வேகத்தில் நாள்முழுதும் ஓடும் பெற்றோல் வாகனங்களைக் கருத்தில் வைத்துத் தயாரிக்கப்பட்டவை. நாங்கள் வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கோ மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கோ ஓடுவது பெரும்பாலும் 60 அல்லது 70 கிலோமீற்றர் வேகத்தில், மேடு பள்ளம் அதிகமில்லாத சமதரையில், பழைய டீசல் எஞ்சினோடு. வீதியை விட்டு இறங்கினால் பாறை ஏறும் வேலை எங்களுக்கு இல்லை; முருங்கன், நானாட்டான் பக்கத்துக் கருங்களியும், மாத்தளன், சாலைப் பக்கத்துக் கரையோர மணலும், மழையில் கரைந்த கிறவல் வீதியும்தான் உண்டு. ஆகவே அந்த அட்டவணைகளின் விடையை அப்படியே எடுத்தால் தேவையில்லாத செலவில் விழலாம், அல்லது தேவைக்குக் குறைவான மாற்றத்தைச் செய்துவிட்டு மறுபடி டிபரன்சியலைத் திறக்க நேரலாம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஐந்து விடயங்களைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஓடும் வேகத்தில் எஞ்சின் எத்தனை சுற்றில் நிற்கிறது என்பது முதலாவது. போர் வீலின் லோ கியரில் வாகனம் எவ்வளவு மெதுவாக ஊர்ந்து இழுக்கும் என்பது இரண்டாவது. பினியன் பல்லின் பலம் மூன்றாவது. இரண்டு டிபரன்சியல்களுக்குமான முழுச் செலவும், சொல்லாமல் வந்து சேரும் செலவுகளும் நான்காவது. பழுதுபட்டால் உதிரிப்பாகத்தையும் பூட்டத் தெரிந்த கையையும் எங்கே தேடுவது என்பது ஐந்தாவது. கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பொருள் வந்து சேரும்வரை வாகனம் கட்டையில் நிற்கும் ஊர்களில் இருப்பவர்கள் இதைக் கடைசியில் வைக்கக் கூடாது.

## முதலில் கையில் இருப்பதை அறிய வேண்டும்

எல்லாக் கணக்கும் தற்போதைய விகிதத்திலிருந்துதான் தொடங்குகிறது. ஒரே ஆண்டில் வந்த ஒரே மாதிரி வாகனங்களிலும் விகிதம் வேறுபடலாம். பலர் கைமாறிய வாகனமென்றால் யாராவது இடையில் டிபரன்சியலையே மாற்றியிருக்கவும் கூடும். வாகனத்தின் தகட்டில் எக்சல் குறியீடு இருக்கும். ஆனால் அதைக் காட்டிலும் நம்பகமானது கையால் சுற்றிப் பார்ப்பது. பின்பக்கத்தில் ஒரு சில்லை மட்டும் ஜாக்கியில் தூக்கி, மற்றச் சில்லுகளுக்கு அடைகல் வைத்து, கியரை நியூற்றலில் விட்டு, ஹாண்ட் பிறேக்கையும் எடுத்துவிட வேண்டும். ரயரின் அடியில் ஒரு சோக்குக் கோடும், டிபரன்சியலுக்கு வரும் புறொப்பெலர் சாஃப்டில் ஒரு சோக்குக் கோடும் போட்டு, தூக்கிய சில்லைச் சரியாக இரண்டு முழுச் சுற்றுச் சுற்ற, சாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று இன்னொருவர் எண்ண வேண்டும். நான்கைத் தாண்டிக் கொஞ்சம் என்றால் 4.10, நாலரையைச் சற்றுத் தாண்டினால் 4.56, ஐந்துக்குச் சற்றுக் குறைவென்றால் 4.88. எதிர்ச் சில்லு நிலத்தில் நிற்பதால் கிரவுண் வீல் பாதி வேகத்திலேயே சுழலும். அதனால்தான் இரண்டு சுற்று. முன் டிபரன்சியலையும் தனியாக இதேபோல எண்ணிப் பார்ப்பது நல்லது. இரு பக்கச் சில்லுகளையும் ஒன்றாகச் சுழலவைக்கும் லொக்கர் பூட்டிய டிபரன்சியலில் இந்த முறை சரிவராது.

அடுத்தது ரயரின் விட்டம். பழைய ஹைலக்ஸ்களில் வந்த 205 ஆர் 16 ரயர் ஏறத்தாழ 734 மில்லிமீற்றர். 31 அங்குல ரயர் 787, 33 அங்குலம் 838, 35 அங்குலம் 889. பாரத்தில் அமுங்கும்போது எல்லாமே கொஞ்சம் குறையும் என்றாலும் ஒப்பீட்டுக்கு இந்த எண்கள் போதும். புதிய விட்டத்தைப் பழைய விட்டத்தால் வகுத்து, தற்போதைய விகிதத்தால் பெருக்கினால், வாகனம் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த இழுவையைத் திருப்பித் தரும் விகிதம் கிடைக்கும். 4.10 உடன் வந்த வாகனத்துக்கு அது 31 அங்குலத்தில் 4.40, 33இல் 4.68, 35இல் 4.97. அதே வாகனம் 4.56 உடன் வந்திருந்தால் 33 அங்குலத்துக்கே 5.20 தேவைப்படும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் 4.88 போட்டார் என்பதற்காக நாமும் அதையே போடுவது கணக்காகாது.

## எண்களை ஒரே இடத்தில் பார்த்தால்

கீழுள்ள அட்டவணைக்கு 4.10 விகிதத்தோடும் 205 ஆர் 16 ரயரோடும் வந்த, ஐந்து கியர் கொண்ட பழைய டீசல் ஹைலக்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டேன். நான்காவது கியர் நேர் கியர் (1.00), ஐந்தாவது 0.85; முதலாவது 3.93, வலுவை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்பும் ட்ரான்ஸ்பர் பெட்டியின் லோ 2.28. முதல் வரிசையைத் தவிர மற்ற எல்லாம் 33 அங்குல ரயருக்கானவை.

| விகிதமும் ரயரும் | கிரவுண், பினியன் பற்கள் | உண்மையான 70 கி.மீ. வேகத்தில் 4ஆம் கியர் (சுற்று/நிமிடம்) | அதே வேகத்தில் 5ஆம் கியர் | லோ முதல் கியர், 800 சுற்றில் ஊரும் வேகம் (கி.மீ./மணி) | வேகமானி 70 காட்டும்போது உண்மை வேகம் |
|---|---|---|---|---|---|
| 4.10, பழைய ரயர் | 41, 10 | 2,070 | 1,760 | 3.0 | 70 |
| 4.10, 33 அங்குலம் | 41, 10 | 1,820 | 1,540 | 3.4 | 80 |
| 4.56, 33 அங்குலம் | 41, 9 | 2,020 | 1,720 | 3.1 | 72 |
| 4.88, 33 அங்குலம் | 39, 8 | 2,160 | 1,840 | 2.9 | 67 |
| 5.29, 33 அங்குலம் | 37, 7 | 2,340 | 1,990 | 2.7 | 62 |
| 5.71, 33 அங்குலம் | 40, 7 | 2,530 | 2,150 | 2.5 | 57 |

## தெரிவு ஒன்று: விகிதத்தைத் தொடாமல் விடுவது

இதைச் சோம்பேறித்தனமென்று தள்ளிவிடக் கூடாது. 31 அங்குல ரயரோடு நிற்பவருக்கு இழுவையில் ஏற்படும் குறைவு ஏழு வீதத்துக்கும் உட்பட்டது. ஐந்தாவது கியரில் போன இடத்தில் நான்காவதில் போனால் அந்தக் குறை வீதியில் தெரியாது. அதற்காக இரண்டு டிபரன்சியல்களைத் திறப்பது வீண் செலவு என்றே நான் சொல்வேன்.

எஞ்சினைப் பொறுத்தும் விடை மாறும். 2005க்குப் பின் வந்த ஹைலக்ஸின் 3.0 லீற்றர் டேர்போ டீசல் எஞ்சின் 1,400 சுற்றை அண்டிய இடத்திலிருந்தே தன் முழு இழுவிசையையும் தரத் தொடங்குகிறது. அதில் 265/65 ஆர் 17 ரயரைக் கழற்றி 285/70 ஆர் 17 போட்டால் விட்டம் கூடுவதும் ஏழு வீதம்தான். டேர்போ எஞ்சினும் இந்த அளவு ரயரும் என்றால் விகிதத்தை விட்டுவிடலாம். டேர்போ இல்லாத 2.8 லீற்றர் எஞ்சினின் உச்ச இழுவிசையோ 2,400 சுற்றை அண்டியே வருகிறது. அட்டவணையின் இரண்டாவது வரிசையைப் பார்த்தால், 33 அங்குல ரயரோடு 70 கிலோமீற்றர் வேகத்தில் ஐந்தாவது கியர் அதை 1,540இல் வைத்து அழுத்துகிறது. எஞ்சின் முனகிக்கொண்டு இழுப்பது காதுக்குத் தெரியும், புகையும் கறுக்கும். ஐந்தாவது கியரை மறந்துவிட்டு நான்காவதில் ஓடலாம் என்பது உண்மை. ஆனால் கீழே, முதல் கியரில் ஏற்படும் குறைவை எந்தக் கியராலும் ஈடுசெய்ய முடியாது. பாரத்தோடு எடுக்கும் ஒவ்வொரு முறையும் கிளச் தேயும். இந்தத் தெரிவின் மறைந்த செலவு அந்தக் கிளச் தட்டுத்தான்.

ஓட்டோ கியர் வாகனங்களில் கிளச்சின் இடத்தில், எஞ்சினின் வலுவை ஒயில் மூலம் கியர் பெட்டிக்குக் கடத்தும் கன்வேட்டர் சூடேறுகிறது. பெரிய ரயரும் பாரமும் சேர்ந்து கியர் அடிக்கடி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் கியர் பெட்டியின் ஒயில் கருகத் தொடங்கும். ஓட்டோ வாகனத்தை 33 அங்குலத்தில் விகிதம் மாற்றாமல் பாரத்துக்குப் பயன்படுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## தெரிவு இரண்டு: 4.56

4.10 வாகனத்துக்கு இது ஒருபடி மேலே. 31 அங்குலத்தோடு பாரவேலையும் செய்பவருக்கு மிகச் சரியாகப் பொருந்தும். 33 அங்குலத்தில் பழைய நிலையை ஏறத்தாழ எட்டும், ஆனால் முழுதாக எட்டாது. இதற்கு இருக்கும் பெரிய நன்மை, 4.56 உடன் தொழிற்சாலையிலிருந்தே வந்த வாகனங்கள் உண்டு என்பதால், பழைய வாகனத்திலிருந்து கழற்றிய டிபரன்சியல் முழுதாகக் கிடைக்க வாய்ப்பிருப்பது. டொயோட்டாவின் 8 அங்குலப் பின் டிபரன்சியல் எக்சல் கூட்டின் முன்முகத்தால் ஒரே துண்டாகக் கழன்று வரும் வகை. பல்லும் பெயாரிங்கும் ஏற்கெனவே பொருத்திய துண்டை வாங்கினால் நுட்பமான பொருத்து வேலை மிச்சமாகும்.

வாங்கும்போது பல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். பினியனின் முகத்திலும் கிரவுண் வீலின் ஓரத்திலும் ஒரே சோடி எண் கீறப்பட்டிருக்கும். இரண்டும் ஒன்றோடொன்று தேய்த்துச் சோடி சேர்க்கப்பட்டவை என்பதற்கு அதுவே அடையாளம். எண் வேறுபட்டால் அது எங்கோ கலந்து சேர்த்த சோடி. ஊளையிடும், விரைவில் உடையும். எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம்.

## தெரிவு மூன்று: 4.88

4.10 உடன் வந்த டேர்போ இல்லாத டீசல் வாகனம், 33 அங்குல ரயர், வன்னியில் பாவனை என்று மூன்றும் சேர்ந்தால் என் விடை இதுதான்.

கணக்கு கேட்பது 4.68. சந்தையில் அந்த எண் இல்லை, 4.56 அதற்குக் கீழே, 4.88 மேலே. அமெரிக்க நெடுஞ்சாலைக்காரர் கீழே இருப்பதை எடுப்பதற்குக் காரணம் உண்டு. அவருக்கு 105 கிலோமீற்றர் வேகத்தில் எஞ்சின் இரைச்சலும் எரிபொருளும் பெரிய விடயம். நமக்கு அந்த வேகமே அருமை. 4.88 போட்டு 70 கிலோமீற்றரில் ஐந்தாவது கியரில் 1,840 சுற்று என்பது வாகனம் புதிதாக வந்தபோது இருந்த 1,760ஐவிடச் சற்றே கூடுதல். கொழும்புக்குப் போகும்போது அதிவேகப் பாதையில் 100இல் ஓடினாலும் 2,620 சுற்றுத்தான். இழப்பதற்கு ஏதுமில்லாத இடத்தில் இழுவைப் பக்கம் சாய்வதே புத்தி. அதோடு 33 அங்குல ரயர் ஒவ்வொன்றும் பழையதைவிடப் பத்துக் கிலோவுக்கு மேல் பாரமாக இருக்கும். விட்டத்தை மட்டும் வைத்துப் போடும் கணக்கில் அந்தப் பாரம் சேராது. நாலு சில்லையும் அசையாநிலையிலிருந்து சுழற்றி எடுக்கும் ஒவ்வொரு முறையும் எஞ்சின் அதைச் சுமக்கிறது. 4.68க்கு மேலே போனதால் கிடைக்கும் அந்த நான்கு வீதம் இதற்கே செலவாகிவிடும்.

மெதுவேகத்தில் லாபம் இன்னும் தெளிவு. மழைக்குப் பின் கருங்களியில் போகும்போது வேகம் எடுத்தால் ரயர் பல்லில் களி அடைத்து வழுவழுத்த உருளையாகிவிடும், நின்றால் புதையும். ஒரே சீராக, அக்சிலரேற்றரைத் தொட்டும் தொடாமலும் ஊர்ந்துகொண்டே இருப்பதுதான் வழி. 4.10இல் 3.4 கிலோமீற்றர் வேகத்துக்குக் கீழே போக வேண்டுமென்றால் கிளச்சை மிதிக்க வேண்டும். மிதித்த கணத்தில் ஓட்டம் அறுந்துபோகும். 4.88 அந்த எல்லையை 2.9க்கு இறக்குகிறது. எண்ணில் சிறிய வித்தியாசம்; வயல் வரம்போரம் வாய்க்காலைத் தாண்டும்போது கையில் தெரியும் வித்தியாசம்.

எட்டுப் பல் பினியன் பத்துப் பல் பினியனைவிட மெலிந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் 33 அங்குலத்துக்கும் இந்த எஞ்சின்களின் வலுவுக்கும் அது தாங்கும்.

## தெரிவு நான்கு: 5.29, அதற்கு மேல் 5.71

35 அங்குல ரயர் போட்டவருக்கு 5.29 இயல்பான விடை. 4.56 உடன் வந்த வாகனத்தில் 33 அங்குலம் போட்டவருக்கும் அப்படியே. இவர்கள் இருவரும் தயங்கத் தேவையில்லை.

4.10 வாகனத்தில் 33 அங்குல ரயரோடு 5.29க்குப் போவது வேறு விடயம். அறுவடைக் காலத்தில் பின்னால் பெட்டி கொழுவி, முழுப் பாரத்தோடு வயலுக்கும் ஆலைக்கும் இடையில் ஓடுவதே வாகனத்தின் முதல் வேலை, தூரப் பயணம் மிகக் குறைவு என்றால் இது நியாயமான தெரிவு. 70இல் நான்காவது கியர் எஞ்சினை அதன் உச்ச இழுவிசையை ஒட்டியே நிறுத்துகிறது. மற்றவர்களுக்கு முதல் கியர் அநேகமாகப் பயனற்றுப் போகும். சந்தியில் எடுத்தவுடனே இரண்டாவதுக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

பல்லின் பலம் இங்கேதான் உண்மையில் கவலை தரும். பினியனில் ஏழே பல். மணலில் புதைந்த வாகனத்தைப் பின்னுக்கும் முன்னுக்கும் ஆட்டி எடுக்கப் பார்க்கும்போது, ஒரு சில்லு திடீரென்று கடினமான நிலத்தைக் கவ்வினால், அந்த அடி முழுவதும் அந்தச் சிறிய பல்லில்தான் விழும். 5.71 பற்றிச் சொல்ல அதிகமில்லை: வன்னியில் அதற்கு வேலையிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

## தெரிவு ஐந்து: டிபரன்சியலை விட்டு ட்ரான்ஸ்பர் பெட்டியில் மாற்றுவது

பழைய ஹைலக்ஸின் ட்ரான்ஸ்பர் பெட்டிக்கு 2.28க்குப் பதிலாக 4.70 லோ கியர்த் தொகுதி கிடைக்கிறது. 4.10 டிபரன்சியலோடும் 33 அங்குல ரயரோடும் அதைப் பூட்டினால் ஊரும் வேகம் மணிக்கு 1.7 கிலோமீற்றராக இறங்கும். ஒரே ஒரு பெட்டியைத் திறந்தால் போதும். பாறை ஏறுபவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் வீதியில், ஹை கியரில், ஒன்றும் மாறாது: ஏ9இல் இழுக்காத ஐந்தாவது கியர் இழுக்காமலே இருக்கும், வேகமானியும் பிழையாகவே காட்டும். மணலுக்கு 4.70 கூடுதலான மெதுமை. மணலில் கொஞ்சம் ஓட்டம் வேண்டும். இன்னொன்று, ட்ரான்ஸ்பர் பெட்டியில் பெருக்கிய இழுவிசை முழுவதும் புறொப்பெலர் சாஃப்டையும் பினியனையும் கடந்தே சில்லுக்குப் போகிறது. டிபரன்சியலில் பெருக்கினால் சாஃப்டாவது தப்பிக்கொள்கிறது.

லான்ட் றோவர் டிபென்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பகுதி வேறுவிதமாகப் பொருந்தும். அதன் டிபரன்சியல் 3.54, வித்தியாசமெல்லாம் ட்ரான்ஸ்பர் பெட்டியின் ஹை கியரில். டிபென்டரில் அது 1.41, டிஸ்கவரியில் 1.22. இழுவை குறைந்த டிபென்டர் ஒன்று கையில் இருந்தால், முன்னைய சொந்தக்காரர் வீதி ஓட்டத்துக்காக டிஸ்கவரியின் பெட்டியைப் பூட்டியிருக்கிறாரா என்று முதலில் பார்க்க வேண்டும். அப்படியென்றால் 13 வீதத்துக்கு மேலான இழுவை அங்கேயே போயிருக்கிறது, 1.41 பெட்டியைத் திருப்பிப் பூட்டினால் திரும்ப வரும். 7.50–16 ரயரிலிருந்து 33 அங்குலத்துக்குப் போவது டிபென்டருக்கு நான்கு வீத மாற்றம்தான். அதற்காக டிபரன்சியலைத் தொட வேண்டியதில்லை.

## தெரிவு ஆறு: சிறிய ரயருக்குத் திரும்புவது

ஸ்பிறிங்கை எவ்வளவு உயர்த்தினாலும், எக்சலின் நடுவே உருண்டு நிற்கும் டிபரன்சியல் குண்டு நிலத்திலிருந்து ஒரு மில்லிமீற்றரும் உயராது. அதை உயர்த்துவது ரயரின் விட்டம் மட்டுமே. 734இலிருந்து 838க்குப் போனால் குண்டு 52 மில்லிமீற்றர் உயர்கிறது. 787க்குப் போனால் 26. உழவு இயந்திரத் தடங்களுக்கு நடுவே குண்டு உரசிக்கொண்டு போவதுதான் உங்கள் பிரச்சினை என்றால் அந்த 26 மில்லிமீற்றர் வித்தியாசம் பெறுமதியானது. விகித மாற்றத்தின் செலவை ஏற்கலாம். வீதியிலேயே பெரும்பாலும் ஓடி, மாதத்தில் ஓரிரு நாள் மணலுக்கு இறங்குபவரென்றால் 31 அங்குல ரயரும், மணலில் இறங்குமுன் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கும் பழக்கமும், திரும்பி ஏற்ற ஒரு சிறிய கொம்பிரசரும் போதும். மொத்தச் செலவில் இதற்கு ஈடான தெரிவு வேறில்லை.

## கணக்கில் வராத செலவுகள்

போர் வீல் வாகனத்தில் முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருந்தாக வேண்டும். பின்னை மட்டும் மாற்றிவிட்டு முன்னைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டால், போர் வீலைப் போட்டவுடன் இரண்டு எக்சலும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும்; இறுகிய கிறவலில் ட்ரான்ஸ்பர் பெட்டி அல்லது சாஃப்ட் சிலுவை உடையும்வரை அது நிற்காது. எனவே கேட்கும் விலை எதுவென்றாலும் அதை இரண்டால் பெருக்கியே யோசிக்க வேண்டும். பெயாரிங், சீல், பல் நிற்கும் இடத்தைச் சரிசெய்யும் மெல்லிய தகடான சிம், ஒருமுறை நசுங்கினால் மீண்டும் பயன்படாத பினியன் சிலீவ், இரண்டு டிபரன்சியல்களுக்கும் இரண்டு தடவை கியர் ஒயில் எல்லாம் தனி. முன்பக்கம் திட எக்சல் உள்ள பழைய ஹைலக்ஸில் வேலை இலகு. சில்லுகள் தனித்தனியே இயங்கும் முன்பக்கம் கொண்ட புதியவற்றில் கூலி கூடும். ரயர் நான்கு அல்ல, ஐந்து வாங்க வேண்டும். ஐந்தாவது 33 அங்குலச் சில்லு பெட்டிக்கு அடியிலுள்ள பழைய இடத்தில் அடங்குவதும் அரிது. உயரத்தையும் ரயர் அளவையும் மாற்றுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது விபத்துக்குப் பிறகு வரும் சிக்கலைத் தவிர்க்கும். பிறேக்கை எந்த விகிதமும் சரிசெய்யாது. பாரமான சில்லை நிறுத்தும் வேலை அப்படியே இருக்கும்.

பலரை ஏமாற்றுவது வேகமானிதான். கேபிளில் ஓடும் பழைய வாகனங்களில் அது ட்ரான்ஸ்பர் பெட்டியிலிருந்து சுழற்சியை எடுக்கிறது. பெரிய ரயர் மட்டும் போட்டால் முள் 70இல் நிற்கும்போது வாகனம் 80இல் ஓடுகிறது; வீதியோரத்தில் வேகம் அளக்கும் பொலிஸார் அந்த 80ஐத்தான் பார்ப்பார்கள். இதே பிழை எரிபொருள் கணக்கையும் கெடுக்கிறது. உண்மையில் 100 கிலோமீற்றர் ஓடிய வாகனம் 88 என்று காட்டும். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடினாலும் கணக்கில் 8.8 என்று வரும். 4.88 போட்ட பின் அதே 100 கிலோமீற்றர் 104 என்று காட்டும், கணக்கில் 10.4. டீசல் ஒரு துளியும் மிச்சமாகாமலே ‘விகிதம் மாற்றியதும் நல்ல ஓட்டம்’ என்ற பேச்சு இப்படித்தான் பிறக்கிறது. மாற்றுவதற்கு முன்பும் பின்பும் வீதியோரக் கிலோமீற்றர் கற்களையோ கைத்தொலைபேசியின் ஜிபிஎஸையோ வைத்து அளந்தால்தான் உண்மை தெரியும். உண்மையான மிச்சமும் சில வேளைகளில் உண்டு, ஆனால் அந்த அளவுக்கு இல்லை.

## பூட்டும் வேலையும் காலமும்

எந்த விகிதத்தைத் தெரிந்தாலும் அதன் ஆயுளைத் தீர்மானிப்பது பூட்டும் கை. டயல் மீற்றர் வைத்துப் பல்லிடைத் தளர்வை அளக்காத, பல்லில் நிறப் பசை பூசிச் சுற்றிப் பார்க்காத கராஜில் இந்த வேலையைக் கொடுக்கவே கூடாது. டொயோட்டாவின் 8 அங்குல டிபரன்சியலில் அந்தத் தளர்வு 0.13இலிருந்து 0.18 மில்லிமீற்றருக்குள் நிற்க வேண்டும். பசை பூசிய பல்லைச் சுற்றி எடுத்தால் பசை விலகிய இடம் பல்லின் உயரத்தில் நடுவே தெரிய வேண்டும். நுனியிலோ அடியிலோ ஒதுங்கியிருந்தால் பினியனின் சிம்மை மாற்றி மறுபடி பூட்ட வேண்டும். மெக்கானிக் இதை ஒரே தடவையில் முடிக்காவிட்டால் பொறுமையிழக்கத் தேவையில்லை. நல்ல வேலை பெரும்பாலும் இரண்டு மூன்று தடவை கழற்றிப் பூட்டியே அமையும். அந்தப் பல்லின் படத்தைக் கைத்தொலைபேசியில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

புதிய பல்லுக்கு முதல் 800 கிலோமீற்றர் பதப்படுத்தும் ஓட்டம். முதல் நாட்களில் இருபது நிமிடம் மெதுவாக ஓடி, குண்டு கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறும்வரை நிறுத்தி, மறுபடி ஓட வேண்டும். அந்தத் தூரம் முடியும்வரை பாரமும் வேண்டாம், பெட்டி கொழுவவும் வேண்டாம். முடிந்ததும் ஜிஎல்-5 தரக் கியர் ஒயிலை இரண்டிலும் மாற்ற வேண்டும்.

ஆகவே மாசி, பங்குனிக் காலபோக அறுவடைக்கு வாகனம் தேவையென்று தை மாதத்தில் வேலையைக் கொடுப்பது சரிவராது. சிறுபோக அறுவடை முடிந்து மழை தொடங்குவதற்கு இடைப்பட்ட ஆவணி, புரட்டாதிதான் பொருத்தமான காலம்: வீதி காய்ந்திருக்கும், பாரவேலை குறைந்திருக்கும், கொழும்பிலிருந்து பாகம் வரத் தாமதித்தாலும் நட்டமில்லை. டிபரன்சியல் திறந்திருக்கும் போதே மூச்சுக் குழாயை ஒரு றப்பர்க் குழாயால் எஞ்சின் அறை உயரத்துக்கு நீட்டிவிடச் சொல்ல வேண்டும்; செலவு மிகச் சிறிது. ஓடிச் சூடேறிய குண்டு வட்டுவாகல் பாலத்தில் தண்ணீர் மேவும் நாளில் திடீரென்று குளிர்ந்தால், உள்ளே சுருங்கும் காற்று மூச்சுத் துளையாலும் சீலாலும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். வெள்ளத்தைக் கடந்த மறுநாள் நிரப்பும் ஆணியைக் கழற்றி விரலை விட்டுப் பார்க்க வேண்டும். ஒயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும், அடுத்த சேர்விஸ்வரை விட்டால் பெயாரிங்கில் துரு பிடித்துவிடும்.